எரிந்த குடிசை: தீட்டும் தொத்தும் பற்றி ஒரு வாசிப்பு

போன வருஷம் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. தமிழர் நலவாழ்வு பற்றியது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. கொரோனா வந்தபோது உலகமே எட்டி நின்றது. அதை நாம் ஆயிரம் வருஷமாகச் செய்து வந்தோம். தீட்டு என்பது என்ன? நோய் தொற்றாமல் இருக்க நம்மவர்கள் செய்து வைத்த ஏற்பாடு." அரங்கம் கை தட்டியது. தட்டியவர்களில் எங்கள் காலனிப் பையன்கள் ரெண்டு பேர் இருந்தார்கள். எனக்கு அதுதான் உறைத்தது. நான் கை தூக்கினேன். நேரமாகிவிட்டது, சாப்பாடு ஆறுகிறது என்றார்கள். அன்றைக்குச் சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? தொற்று, தொத்து, ஒட்டுவாரொட்டி எல்லாமே ஒரு வேலையைச் சொல்லும் சொற்கள். ஒன்று போய் இன்னொன்றைப் பற்றிக்கொள்கிறது. போவதற்கு ஒரு வழி வேண்டும். காலராவுக்கு வழி வாய். டி.பி.க்கு மூச்சு. மலேரியாவுக்குக் கொசு. எய்ட்ஸ் கிருமிக்கு ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளை. சொறிசிரங்குக்குத் தோல். வழியை அடைத்தால் நோய் நின்றுபோகும், வழி திறந்திருந்தால் யார் வீடு என்று கேட்காமல் உள்ளே வரும். கிருமி உள்ளே போய்ப் பெருகுவதற்குச் சில மணி நேரமோ, சில நாளோ, டி.பி. என்றால் வருஷக்கணக்கோ ஆகும்.

தீட்டு அப்படியில்லை. தீட்டுக்கு வழி வேண்டாம். நிழல் பட்டாலும் வரும், குரல் கேட்டாலும் வரும். காத்திருக்கவும் வேண்டாம், பட்ட நொடியே வந்துவிடும். ஒரு முழுக்குப் போட்டால் போயும்விடும். எந்தக் கிருமியும் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளாது. இன்னொரு விசேஷம், தீட்டு ஒரே திசையில்தான் போகும். கீழே இருப்பவனிடமிருந்து மேலே இருப்பவனுக்கு. ஊர்த்தெருவில் அம்மை கண்டால் சேரிக்காரன் தீட்டு என்று சொல்லி ஒதுங்கியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

நோய் மேலிருந்து கீழேயும் போகும் என்பதற்கு வைத்திய வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1847இல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மெல்வெய்ஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கும் வார்டைவிட, டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்க்கும் வார்டில்தான் தாய்மார்கள் அதிகமாகச் செத்தார்கள். இவர்கள் பிணத்தை அறுத்துவிட்டு நேராக வந்து பிரசவம் பார்த்தவர்கள். குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள் என்றார். கழுவினார்கள், சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் கனவான்களின் கை அசுத்தமா என்று பெரிய மருத்துவர்களுக்குக் கோபம் வந்தது. செம்மெல்வெய்ஸ் 1865இல் ஒரு மனநோய் விடுதியில் செத்தார். நம்மூரில் பிரசவம் பார்த்த சேரிக் கிழவிக்குத்தான் தீட்டு என்றார்கள். பார்க்கும்வரை கை வேண்டும், பார்த்து முடித்ததும் திண்ணைக்குக் கீழே.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' கன்னடத்தில் 1965இல் வந்தது, 1970இல் படமானது. மொழிபெயர்ப்பு இலக்கியத் தாளுக்காக அதைப் படித்தோம். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த வாசிப்பு இது: பிராணேசாச்சாரியார் என்ற வேத விற்பன்னரின் ஆன்மத் தேடல், தர்மசங்கடம், ஆசாரத்துக்கும் ஆசைக்கும் இடையே ஒரு மனிதன். அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிரதி ஒரு பிளேக் நாவல். பிளேக்கை எடுத்துவிட்டால் அதில் கதையே இல்லை. எங்கள் வகுப்பில் பிளேக் என்ற சொல் ஒரு தடவை வந்தது, 'குறியீடு' என்று.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. துர்வாசபுரம் என்ற அக்கிரகாரம். ஆசாரத்தை விட்ட பிராமணன் நாரணப்பா ஷிமோகா போய்வந்து, காய்ச்சலில் விழுந்து சாகிறான். யார் அவனுக்குக் கொள்ளி வைப்பது? தொட்டால் தன் குலம் கெடுமோ என்று ஒவ்வொருவரும் தயங்குகிறார்கள். பிணம் கிடக்கும்வரை ஒருவரும் சாப்பிடக்கூடாது. ஆச்சாரியார் ஏட்டைப் புரட்டுகிறார், அனுமார் கோயிலில் பூக் கேட்கிறார். அதற்குள் எலிகள் வெளியே வந்து சுழன்று சுழன்று சாகின்றன. கூரைகளில் கழுகுகள் உட்காருகின்றன. பிராமணர்கள் சேகண்டியும் சங்கும் அடித்து விரட்டுகிறார்கள்.

இதைப் பிளேக் தெரிந்தவன் எப்படிப் படிப்பான்? பிளேக் அடிப்படையில் எலியின் நோய். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி நோயுள்ள ரத்தத்தைக் குடிக்கிறது. அதன் தொண்டைக்குக் கீழே கிருமிகள் பெருகி அடைத்துக்கொள்கின்றன. குடித்த ரத்தம் இறங்காது, பசி தீராது, எனவே கண்டதையெல்லாம் கடிக்கும். கடிக்கும்போது அடைப்பிலிருந்த கிருமி கடிவாய்க்குள் போகும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கி, சூடான அடுத்த உடம்பைத் தேடுகிறது. அக்கம்பக்கத்தில் எலி இல்லையென்றால் மனிதன். நெறி கட்டுவது அப்புறம். நோய் நுரையீரலுக்கு ஏறிவிட்டால்தான் இருமலில் தெறிக்கும் நீர்த்துளி வழியாக ஆளுக்கு ஆள் நேராகப் பாயும்.

ஆக, அக்கிரகாரம் மூன்று நாளாக வாதாடியது பிணத்தைத் தொடலாமா கூடாதா என்று. நோயோ பிணத்தைப் பற்றிய தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. உத்தரத்தில் ஓடியது, அரிசிப் பானைக்குப் பின்னால் செத்து விழுந்தது, படுக்கைக்குள் வந்தது. ஆச்சாரியாரின் மனைவி பாகீரதியே பிளேக்கில் போகிறாள். யாரைத் தொட்டாள் அவள்? எழுந்து நடக்க முடியாத நோயாளி. தீட்டின் தர்க்கமும் தொற்றின் தர்க்கமும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று பார்க்காமல் நடப்பதை இவ்வளவு கச்சிதமாக வைத்த நாவல் வேறு நான் படித்ததில்லை. அனந்தமூர்த்திக்கு இந்தப் பெருமையை மனசாரத் தருகிறேன். கடைசியில் நாரணப்பாவின் உடலை யார் எரித்தது? அவனோடு வாழ்ந்த சந்திரி, ஒரு முஸ்லிம் ஆளைக் கூட்டிவந்து ராத்திரியோடு ராத்திரியாக எரித்து முடிக்கிறாள். சாஸ்திரத்துக்கு வெளியே இருந்த ரெண்டு பேர்.

ஆனால் எனக்கு வேறொரு இடம் தொண்டையில் நிற்கிறது. பெல்லியின் சேரி. அங்கேயும் காய்ச்சல் வருகிறது, அங்கேயும் சாகிறார்கள். செத்தவர்களைக் குடிசையோடு வைத்துக் கொளுத்திவிடுகிறார்கள். நாவல் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு ஆச்சாரியாரின் மனசுக்குத் திரும்பிப் போகிறது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டேன்: ஐயா, ஒரு பிராமணப் பிணத்துக்கு முழு நாவல், சேரிப் பிணங்களுக்கு ஏன் சில வரி? "அது பின்னணி தம்பி" என்றார் தேர்வாளர். பின்னணி! எரிகிற குடிசை அக்கிரகாரத்துக்கு வெளிச்சம் போடும் விளக்கு.

நான் அந்தச் சில வரிகளை முன்னுக்கு இழுத்துப் படிக்கிறேன். அங்கே விவாதமே இல்லை. யார் குலம் கெடும் என்று யாரும் கேட்கவில்லை. செத்தார்கள், எரித்தார்கள். பிணத்தோடு படுக்கையும் துணியும் அதிலிருந்த தெள்ளும் எரிந்தன. அக்கிரகாரம் மூன்று நாள் வைத்துக்கொண்டு செய்யத் தெரியாமல் நின்ற வேலை சேரியில் ஒரு பொழுதில் முடிந்தது. உடனே சேரி ஜனங்கள் விஞ்ஞானிகள் என்று மாலை போட வேண்டாம். குடிசை எரிந்தால் உள்ளே இருக்கும் எலி அடுத்த குடிசைக்கு ஓடும், நோயும் கூடவே ஓடும். எரித்தவர்களுக்கு மறுபடி கூரை போடக் கீற்றுக்கும் வழியிருக்காது. நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தீயைப் போட்டவன் கை எப்படி நடுங்கியது என்று எழுத ஒரு அத்தியாயம் ஏன் இல்லை? அவனுக்கு ஆன்மா கிடையாதா, தர்மசங்கடம் கிடையாதா? எரிவது அவன் வீடு.

நாவலிலிருந்து வரலாற்றுக்குப் போனாலும் இதே பங்கீடுதான். 1896இல் பம்பாயில் பிளேக் நுழைந்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டார்கள் (2020இல் கொரோனாவுக்கு எடுத்ததும் அதே சட்டம்தான்). பூனாவில் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள், அடுப்படிக்குள்ளும் பூசையறைக்குள்ளும் போனார்கள், பெண்களை இழிவு செய்தார்கள் என்று கொதிப்பு. அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது, சாதிமான் வீட்டுத் தீட்டும் கலந்திருந்தது. ஜூன் 22ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நானும் பள்ளிக்கூடத்தில் படித்தேன்.

அதே பூனாவில், அதே வருஷம், மார்ச் 10ஆம் தேதி சாவித்திரிபாய் பூலே செத்தார். பிளேக்கில். மகன் யஷ்வந்த் டாக்டர். ஊருக்கு வெளியே நோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார்கள். முந்த்வாவுக்கு வெளியே மகர் குடியிருப்பில் ஒரு பையன் பிளேக்கில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, அறுபத்தாறு வயசுக் கிழவி போய் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் தொத்தியது. தெள்ளு வழியாகத்தான் பிளேக் பரவுகிறது என்று பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டுபிடித்தது 1898இல். அதாவது சாவித்திரிபாய் தூக்கியபோது வழி என்னவென்று உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒட்டும் என்பது மட்டும் தெரியும். பள்ளியில் எனக்கு ராண்டைச் சொல்லிக் கொடுத்தார்கள், இந்தக் கிழவியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெயரை நான் கேள்விப்பட்டதே இயக்கத்துக்கு வந்த பிறகுதான்.

இன்னொரு நாவல், தகழியின் 'தோட்டியின் மகன்'. மலையாளத்தில் எழுதியது, தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. ஆலப்புழையில் மலம் அள்ளும் மூன்று தலைமுறையின் கதை. இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன். பெயரைப் பார்த்தாலே முதல் ரெண்டு பேரும் எந்தச் சீமைக்காரர்கள் என்று தெரியும். சுடலைமுத்து தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று ஒவ்வொரு காசாகச் சேர்க்கிறான். தன் வாடை பிள்ளைமேல் படக்கூடாது என்று ஒதுங்குகிறான். கடைசியில் அவனையும் மனைவியையும் காலரா கொண்டுபோகிறது. மகன் வாளியைத் தூக்குகிறான்.

தகழி இரக்கத்தோடு எழுதினார், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நாவலைப் பேசும் எல்லோரும் 'தோட்டி வாழ்க்கையின் அவலம்' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். காலராவின் வழியைப் பிடித்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. காலராக் கிருமி நோயாளியின் கழிச்சலில் வெளியே வந்து, தண்ணீரோடும் சோற்றோடும் அடுத்தவர் வாய்க்குள் போகிறது. லண்டனில் ஜான் ஸ்நோ 1854இல் ஒரு தெருக் குழாயைச் சுற்றி விழுந்த சாவுகளைக் கணக்கெடுத்து இதைக் காட்டினார். 1884இல் கல்கத்தாவில் கோக் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே கிருமியைப் பார்த்தார். அப்படியானால் ஆலப்புழையில் காலரா எங்கிருந்து எங்கே போகிறது? நகரத்தின் கக்கூசிலிருந்து தோட்டியின் கைக்கு. கையிலிருந்து அவன் சோற்றுக்கு. அவன் நகரத்துக்கு நோயைக் கொண்டு போகவில்லை, நகரம்தான் தன் நோயை வாளியில் போட்டு அவன் தலையில் ஏற்றியது. ஏற்றிவிட்டு அவனை அசுத்தம் என்றது. சுத்தம்தான் நோக்கம் என்றால் முதலில் அவனுக்குத்தானே சோப்பும் தண்ணீரும் கொடுத்திருக்க வேண்டும்? சுகாதாரம் தண்ணீர் கொடுப்பதில் தொடங்குகிறது. தீட்டோ தண்ணீரை மறுப்பதில்தான் தொடங்குகிறது. பேராசிரியருக்கு நான் சொல்ல நினைத்ததில் பாதி இதுதான்.

1927 மார்ச் 20ஆம் தேதி மகத் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். குளம் தீட்டாகிவிட்டது என்று சாதி இந்துக்கள் 108 பானைகளில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து எடுத்து குளத்தில் கொட்டிச் சுத்தம் செய்தார்கள். குடிக்கிற தண்ணீரில் சாணம்! இதற்குப் பெயர் நலவாழ்வு ஏற்பாடு. 2022 டிசம்பரில் நம்ம புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று வைத்தியம் பார்த்தவர்கள் சொன்ன பிறகு ஏறிப் பார்த்தார்கள். 2025 ஜனவரியில் போட்ட குற்றப்பத்திரிகை அந்தத் தெருவின் ஆட்கள் மூன்று பேர் மேலேயே விழுந்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை.

நம் வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது தோழர்களே. எங்கள் தெருவில் ஒருத்தருக்கு டி.பி. வந்தால் என்ன செய்கிறோம்? தனித் தட்டு, தனி டம்ளர். அந்த ஆளைப் பின்கட்டில் ஜன்னல் இல்லாத இருட்டறையில் போட்டு, அதே அறையில் பிள்ளைகளையும் படுக்க வைக்கிறோம். டி.பி. தட்டில் வராது. இருமலில் தெறிக்கும் நுண்துளி காய்ந்து காற்றில் மணிக்கணக்காக மிதக்கும், அதை மூச்சில் இழுப்பவருக்கு வரும். அடைத்த அறைதான் அதற்கு வழி, காற்றும் வெயிலும் மருந்தும்தான் அடைப்பு. தட்டைப் பிரித்து அறையை அடைப்பது தீட்டின் மூளை. அது நமக்குள்ளேயும் குடியேறியிருக்கிறது.

இதற்குப் பதில் சொன்னதும் நம்மைப் போன்ற ஏழை ஜனங்கள்தான். சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் நகரத்தின் ஏழை நோயாளிகளை ரெண்டு பிரிவாக்கினார்கள். பாதிப்பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடும் ஓய்வுமாக. பாதிப்பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, வேலையும் வீட்டுக் கஷ்டமுமாக. மருந்து ஒன்றே. 1959இல் முடிவு வந்தது. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்த நோயாளியின் குடும்பத்துக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது, தொத்துவது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட இதுவும் ஒரு காரணம். தமிழில் இதைப் பற்றி ஒரு கதை உண்டா? சானடோரியத்துக் கட்டிலில் இருமி இருமிக் காதலிக்கும் கதைகள் எத்தனை வேண்டும்?

கடைசியாக எங்க ஆயா. தென்னாற்காட்டுக் கிராமம். ஆயா கல்யாணம் கட்டி வந்து நாலைந்து வருஷத்தில் வாந்திபேதி வந்தது. ஊர்க் கிணறு நமக்கு இல்லை. ஓடைதான். மேலே ஊர் புழங்கும், கீழே சேரி குடிக்கும். ஊரிலும் செத்தார்கள், சொந்தக்காரனே தொட மறுத்த பிணங்களைத் தாத்தாதான் வண்டியில் போட்டுக்கொண்டு போய்ப் புதைத்தார். கூலி நெல்லை, "ஆண்டே" என்று எட்டி நின்று துண்டை விரித்து வாங்கினார். அந்த வாரமே ஆயாவின் மூத்த ரெண்டு பிள்ளைகளும் போயின. பெரியது பொண்ணு. ராத்திரி பூரா தண்ணி தண்ணி என்று கேட்டிருக்கிறாள். பேதிக்காரனுக்குத் தண்ணி கொடுத்தால் இன்னும் போகும் என்று ஊரே சொன்ன காலம். ஆயா கொடுக்கவில்லை. நாக்கை மட்டும் ஈரத்துணியால் தொட்டுவிட்டாளாம்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது காலராப் பாடம் நடந்தது. பேதியில் உடம்புத் தண்ணீர் போவதால்தான் சாகிறார்கள், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள் என்று வாத்தியார் சொன்னார். (1971இல் பங்காங் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் இதைத்தான் செய்து ஆயிரக்கணக்கான உயிரைக் காத்தார் என்று பிற்பாடு படித்தேன்.) பாடம் நடத்திய அதே வாத்தியார், தண்ணீர்ப் பானையிலிருந்து நாங்கள் மொண்டு குடிக்கக் கூடாது என்று ஒரு பையனை விட்டு எங்கள் கையில் உயர ஊற்றச் சொன்னவர்தான். அதை விடுங்கள். சாயங்காலம் ஓடிப்போய் ஆயாவிடம் பாடத்தை ஒப்பித்தேன். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வது மாதிரி.

ஆயா முறத்தைக் கீழே வைத்தாள்.

"தண்ணி குடுத்திருக்கலாமாடா?"

எனக்கு அப்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. "இல்ல ஆயா, அது இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க. அப்ப குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன்.

அவள் நம்பினாளா என்று தெரியாது. முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.